மரங்கள் பேசுமா? ஒரு மாணவி நட்ட மூன்றாவது கன்று சொல்லும் பதில்!

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி ஒருமுறையாவது வந்திருக்கும். 'காட்டில் மரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மண்ணுக்கடியில் தாய் மரம் தன் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறது. மரத்துக்கு இருக்கும் அன்புகூட மனிதனுக்கு இல்லையே!' கீழே பச்சைப்பசேல் என்று ஒரு படம், கைகூப்பும் எமோஜி. பெரியம்மா ஃபார்வர்டு செய்திருப்பார். நாமும் மனம் நெகிழ்ந்து இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிட்டிருப்போம்.

இந்தச் செய்தி பொய்யா? முழுப் பொய் இல்லை. அப்படியானால் உண்மையா? முழு உண்மையும் இல்லை.

இதன் வேரைத் தேடிப் போனால், கனடாவின் ஒரு காட்டில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு மாணவி தன் பிஹெச்.டி பட்டத்துக்காகச் செய்த ஒரு சோதனையில் போய் நிற்கும். பிளாஸ்டிக் பைகள், ஒட்டும் டேப், ஊசி, கொஞ்சம் கதிரியக்க வாயு, மூன்று வகை மரக்கன்றுகள். அவ்வளவுதான் சாமான்கள். அதிலிருந்து புறப்பட்ட செய்தி உலகம் சுற்றி, ஹாலிவுட் படத்தோடும் நாவலோடும் சேர்த்துப் பேசப்பட்டு, கடைசியில் நம் கைபேசிக்கு வந்திருக்கிறது. வரும் வழியில் என்ன சேர்ந்தது, என்ன உதிர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

குழியில் விழுந்த நாய்

அந்த மாணவியின் பெயர் சுசான் சிமார்ட். 1960-ல் பிறந்தவர். ஊர், கனடாவின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைப்பகுதி. காடுதான் அவர் வீட்டுத் தொழில். தாத்தா காலத்தில் குதிரைகளை வைத்து மரம் வெட்டி இழுத்த குடும்பம். ஒரே நாளில் காட்டை மொட்டையடிக்கும் இயந்திரங்கள் வராத காலம் அது. வேண்டிய மரத்தை மட்டும் பார்த்து வெட்டுவார்கள், மற்றவை நிற்கும்.

சின்ன வயதில் நடந்த ஒரு சம்பவத்தை சிமார்ட் மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். தாத்தாவின் நாய், காட்டு வீட்டின் கழிப்பறைக் குழியில் வழுக்கி விழுந்துவிட்டது. அதைக் காப்பாற்ற தாத்தா மண்வெட்டியோடு ஓடி வந்து குழியின் பக்கவாட்டைத் தோண்டினார். எல்லோர் கண்ணும் நாயின் மேல். பேத்தியின் கண் மட்டும் வெட்டுப்பட்ட மண்ணின் மேல். மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்காக மண், நடுவே பின்னிக்கிடந்த வேர்கள், அவற்றோடு வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழைகள். நாய் பிழைத்தது. காட்டின் அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்பது அந்தச் சிறுமியின் மனதில் ஒட்டிக்கொண்டது.

வளர்ந்ததும் வனவியல் படித்தார். முதலில் ஒரு மர நிறுவனத்தில் வேலை, பிறகு மாகாண வனத்துறையில் ஆராய்ச்சிப் பணி. வேலைக்குப் போன இடத்தில் அவர் பார்த்த காட்சி, தாத்தா காலத்துக் காடு இல்லை.

'களை' ஆகிப்போன மரம்

பெரும் பரப்பில் இருக்கும் எல்லா மரங்களையும் ஒரேயடியாக வெட்டுவது, வெட்டிய இடத்தில் விலை போகும் ஊசியிலை மரக்கன்றுகளை வரிசையாக நடுவது. அன்றைய வன நிர்வாகத்தின் வழி இதுதான். நடப்பட்டவற்றில் முக்கியமானது டக்ளஸ் ஃபிர். வீடு கட்டப் பயன்படும் உறுதியான மரம்.

ஆனால், வெட்டிய காட்டில் அழைக்காமலே இன்னொரு மரமும் முளைக்கும். பெயர் பேப்பர் பிர்ச். பட்டை காகிதம்போல உரிந்து வரும். நம் நாட்டில் பழங்காலத்தில் சுவடி எழுதப் பயன்பட்ட இமயமலைப் பூர்ஜ மரத்தின் உறவுக்காரர். இந்த பிர்ச் வேகமாக வளர்ந்து ஃபிர் கன்றுகளுக்கு நிழல் கட்டிவிடும். 'வெயிலையும் தண்ணீரையும் சத்தையும் இது திருடுகிறது' என்று கணக்குப் போட்டார்கள். வயலில் புல் முளைத்தால் என்ன செய்வோம்? அதையே காட்டிலும் செய்தார்கள். பிர்ச்சை வெட்டினார்கள், களைக்கொல்லி அடித்தார்கள். நட்ட கன்று 'தடையில்லாமல் வளர்கிறது' என்று காட்டினால்தான் நிறுவனத்தின் கடமை தீரும் என்பது விதி.

இவ்வளவு செய்தும் பல இடங்களில் நட்ட கன்றுகள் மஞ்சளாகி நின்றன. சில இடங்களில் பிர்ச்சை அகற்றிய பிறகு, ஃபிர் மரங்களில் ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் நோய் கூடுதலாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரை விரட்டிய பிறகு நம் வீட்டில் நோய் கூடினால், என்ன நினைப்போம்? ஒருவேளை அவர் ஏதோ நல்லதும் செய்துகொண்டிருந்தாரோ என்று தோன்றும் அல்லவா? சிமார்டுக்கும் அதுதான் தோன்றியது.

தோன்றுவது யாருக்கும் தோன்றலாம். அரசின் கொள்கையை எதிர்த்துப் பேச வேண்டுமென்றால் 'எனக்குத் தோன்றுகிறது' போதாது. அதை அளக்கக்கூடிய ஒரு கேள்வியாக மாற்ற வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் முனைவர் பட்ட ஆய்வு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வனச் சூழலியலாளர் டேவிட் பெர்ரியின் வழிகாட்டுதலில் அவர் அந்த வேலையைத் தொடங்கினார்.

வேரும் பூஞ்சையும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்

சோதனைக்குள் போவதற்கு முன், மண்ணுக்கடியில் நடக்கும் ஒரு கூட்டு வியாபாரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

மரத்தால் வெயிலையும் காற்றையும் வைத்து சர்க்கரை தயாரிக்க முடியும். ஆனால், மண்ணின் மூலை முடுக்கில் ஒளிந்திருக்கும் சத்துகளை எடுக்க அதன் வேர் பருமன் அதிகம். பூஞ்சையால் சர்க்கரை தயாரிக்க முடியாது. ஆனால், அதன் இழை தலைமுடியைவிட மெல்லியது, எங்கும் நுழையும். இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. பூஞ்சை தண்ணீரும் மணிச்சத்தும் கொண்டுவந்து தரும், மரம் சர்க்கரை தரும். இந்தக் கூட்டுறவுக்கு 1885-ல் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஃபிராங்க்.

நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. 'வேம்' என்றும் 'வேர் உட்பூசணம்' என்றும் சொல்லி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் உயிர் உரம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். நாற்றங்காலில் தூவுகிறோமே, அதேதான்.

பூஞ்சை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பைன் மரம் வளர்க்கப் பல ஆண்டுகள் முயன்று தோற்றார்கள். கன்று முளைக்கும், மஞ்சளாகும், செத்துப்போகும். 1950-களில் அமெரிக்காவின் பைன் காட்டிலிருந்து பூஞ்சை உள்ள மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகுதான் கன்றுகள் தழைத்தன.

இந்தப் பூஞ்சைகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து குடியிருக்கும் உள்வகை. நம் 'வேம்' இந்த வகை. இன்னொன்று, வேர் நுனியைச் சுற்றி உறைபோல மூடி, செல்களுக்கு இடையில் மட்டும் படரும் புறவகை. டக்ளஸ் ஃபிர், பிர்ச் இரண்டுக்கும் புறவகைதான். சில பூஞ்சைகள் இரண்டு மரங்களிலும் பொதுவாகக் குடியிருக்கும். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கன்றின் கதை இதில்தான் இருக்கிறது.

ஒரே பூஞ்சை இரண்டு மரங்களின் வேரிலும் ஒட்டியிருந்தால், அந்த இழை வழியாக ஒரு மரத்தின் சர்க்கரை இன்னொரு மரத்துக்குப் போகுமா? ஆய்வகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்த்த கன்றுகளில் போகிறது என்று பிரிட்டன் விஞ்ஞானிகள் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். மழையும் வெயிலும் புழுவும் உள்ள நிஜமான காட்டில்? அதுவும் இரண்டு வேறு வேறு இன மரங்களுக்கு இடையில்? இதுதான் சிமார்டின் ஆய்வுக் கேள்வி.

மூன்று கன்றுகள், இரண்டு வாயுக்கள்

காட்டில் பிர்ச், டக்ளஸ் ஃபிர், சிவப்பு சீடார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டார். இப்படி ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, திரும்பத் திரும்ப 80 தொகுப்புகள். ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று சொல்லிவிடலாம், 80 இடத்தில் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

சாமான் வாங்கியது நம்மூர் ஹார்டுவேர் கடை மாதிரியான ஒரு கடையில். பிளாஸ்டிக் பை, டேப், நிழல் வலைத்துணி, டைமர், உடம்பை மூடும் பேப்பர் உடுப்பு, முகமூடி. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவி போன்றவை பல்கலைக்கழகத்தில் கடனாக வாங்கியவை.

முதல் நாள் காட்டுக்குப் போனால், கன்றுகளுக்கு முன் கரடிதான் வரவேற்றது. குட்டியோடு வந்த ஒரு கிரிஸ்லி தாய்க்கரடி விரட்ட, எல்லோரும் ஓட்டமாக ஓடித் தப்பினார்கள். மறுநாள் கரடிகள் இல்லை. வேலை தொடங்கியது.

பிர்ச் கன்றைப் பையால் மூடி, அதற்குள் ஊசி வழியாக கார்பன்-14 உள்ள கரியமில வாயுவைச் செலுத்தினார். இது கதிரியக்கம் உள்ள கார்பன். ஃபிர் கன்றின் பைக்குள் கார்பன்-13 உள்ள வாயு. இது கதிரியக்கம் இல்லாத, சற்றே எடை கூடிய கார்பன். வேறு கன்றுகளில் இதையே மாற்றியும் செய்தார்.

ஏன் இரண்டு வகை? தீபாவளிக்கு இரண்டு பக்கத்து வீடுகள் பலகாரம் பரிமாறிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே மாதிரி முறுக்கு என்றால், எந்த முறுக்கு எந்த வீட்டுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வீட்டு மாவில் சீரகம், இன்னொரு வீட்டு மாவில் எள் போட்டுவிட்டால்? தட்டைப் பார்த்தாலே யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று எண்ணிவிடலாம். கார்பன்-14 சீரகம், கார்பன்-13 எள்.

ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு பிர்ச் இலையில் கைகர் கருவியை வைத்தார். கரகரவென்று சத்தம். எதிர்பார்த்ததுதான், வாயு கொடுத்ததே அதற்குத்தானே. அடுத்து, பக்கத்தில் இருந்த ஃபிர் கன்றிடம் போனார். அதன் பைக்குள் கதிரியக்க வாயு கொடுக்கவே இல்லை. ஆனாலும் கருவி கரகரத்தது! பிர்ச்சின் கார்பன் மண்ணுக்கடியில் பயணித்து ஃபிர்ருக்கு வந்திருக்கிறது.

மூன்றாவதாக சீடார். அங்கே கருவி சத்தம் போடவில்லை.

இந்தச் சீடாரை ஏன் நட்டார் தெரியுமா? சீடார் மரத்தின் வேரில் இருப்பது உள்வகைப் பூஞ்சை, நம் 'வேம்' மாதிரி. பிர்ச்சும் ஃபிர்ரும் சேர்ந்திருக்கும் புறவகைப் பூஞ்சைக் கூட்டணியில் அதற்கு இடம் கிடையாது. ஒரே மண், ஒரே மழை, ஒரே வெயில். பூஞ்சைக் கூட்டணி மட்டும் இல்லை. கார்பன் சும்மா மண் வழியாகவே கசிந்து பரவுகிறது என்றால் சீடாருக்கும் அதே அளவு போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், பூஞ்சைதான் வழி என்று சந்தேகிக்க நியாயம் உண்டு.

ஆராய்ச்சிக்காரர்கள் இதை 'கன்ட்ரோல்' என்பார்கள். நாம் சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம். சிமார்ட் இந்த மூன்றாவது கன்றை நடாமல் விட்டிருந்தால், அவர் சொன்னது ஓர் அழகான கதையாக மட்டுமே இருந்திருக்கும்.

நூற்றுக்கு ஆறு

சில நாள் கழித்து கன்றுகளைப் பிடுங்கி, உலர்த்தி, அரைத்து, ஆய்வகத்தில் துல்லியமாக அளந்தார்கள். 1997 ஆகஸ்ட் மாதம் 'நேச்சர்' இதழில் ஆறு பேர் பெயரோடு கட்டுரை வந்தது. முதல் பெயர் சிமார்ட்.

கட்டுரை சொன்னது என்ன? கார்பன் இரண்டு பக்கமும் போகிறது. கொடுக்கல் வாங்கலைக் கழித்துப் பார்த்தால், ஃபிர் பக்கம் லாபம். எவ்வளவு? ஃபிர் தானே ஒளிச்சேர்க்கையில் எடுத்த அடையாளக் கார்பனில் சராசரியாக 6 சதவீதம். ஃபிர் வீட்டில் நூறு முறுக்கு சுட்டார்கள் என்றால், பக்கத்து வீட்டிலிருந்து நிகரமாக வந்தது ஆறு. நிழல் வலைத்துணி போட்டு ஃபிர்ருக்கு வெயிலைக் குறைத்தபோது இந்தக் கணக்கும் மாறியது. நிழல் அதிகமான இடத்தில், பிர்ச்சிடமிருந்து வரவும் அதிகம்.

சீடார்? மேடைக் கதையில் அது மௌனம். கட்டுரையில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. சீடார் கன்றுகளும் சிறிதளவு அடையாளக் கார்பனை உறிஞ்சியிருந்தன. அளவு குறைவு என்பதால், பிர்ச் - ஃபிர் பரிமாற்றம் 'முக்கியமாக' பூஞ்சை இழை வழியாகவே நடந்திருக்கலாம் என்று கட்டுரை சொன்னது. 'முக்கியமாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் விஞ்ஞானியின் நேர்மை இருக்கிறது. மிச்சம் கொஞ்சம் மண் வழியாகவும் போயிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது.

வாட்ஸ்அப் வரை வந்த பயணத்தில் முதலில் உதிர்ந்தது அந்தச் சொல்தான்.

புகழின் வேகம்

1997-ல் இன்டர்நெட் உலகுக்கே புதுசு. 'வேர்ல்டு வைடு வெப்' என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். 'நேச்சர்' இதழ் தன் அட்டையில் 'வுட் வைடு வெப்' என்று போட்டது. காட்டுக்கும் ஓர் இன்டர்நெட்! அந்தப் பெயர் பற்றிக்கொண்டது.

சிமார்ட் பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அவரது குழுவில் இருந்த ஒரு மாணவர் இன்னொரு பெரிய வேலை செய்தார். 30 மீட்டருக்கு 30 மீட்டர் உள்ள ஒரு டக்ளஸ் ஃபிர் காட்டுத் துண்டில், மரங்களின் மரபணுவையும் பூஞ்சைகளின் மரபணுவையும் ஒப்பிட்டு, எந்த மரத்தில் எந்தப் பூஞ்சை இருக்கிறது என்று வரைபடம் போட்டார். ஒரு பெரிய மரம் மட்டும் 47 மரங்களோடு பொதுப் பூஞ்சையால் இணைந்திருந்தது. 2010-ல் வெளியான இந்த வரைபடத்தைப் பார்க்கும் யாருக்கும் 'தாய் மரம்' என்ற சொல் பொருத்தமாகத்தான் தோன்றும்.

2016-ல் சிமார்ட் பேசிய டெட் மேடைப் பேச்சை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். ரிச்சர்ட் பவர்ஸ் எழுதி புலிட்சர் பரிசு வென்ற 'தி ஓவர்ஸ்டோரி' நாவலில் வரும் ஒரு விஞ்ஞானிப் பாத்திரத்துக்கு அவரும் ஒரு முன்மாதிரி. 'அவதார்' படத்தில் வரும் உயிர்களை இணைக்கும் மரத்தையும் இந்த ஆய்வையும் சேர்த்துப் பேசாதவர்கள் குறைவு. 2021-ல் அவர் எழுதிய தன்வரலாற்று நூலின் தலைப்பே தாய் மரத்தைத் தேடுவது பற்றித்தான்.

இதற்கிடையில் கதை வளர்ந்துகொண்டே போனது. 'சில சூழலில் கார்பன் போகிறது' என்பது 'மரங்கள் பகிர்ந்து வாழ்கின்றன' என்று ஆனது. அது 'தாய் தன் பிள்ளையைத் தேடி ஊட்டுகிறது' என்றானது. பிறகு 'மரங்கள் ஒன்றையொன்று எச்சரிக்கின்றன, சாகும்போது சொத்தை எழுதிவைக்கின்றன' என்றெல்லாம் போய் நின்றது.

உடன் எழுதியவரே கேட்ட கேள்வி

2023 பிப்ரவரி. 'நேச்சர் எக்காலஜி அண்டு எவல்யூஷன்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா என்ற மூன்று விஞ்ஞானிகள். மூவரும் வாழ்நாளில் பெரும்பகுதியை வேர்ப்பூஞ்சைகளோடு செலவிட்டவர்கள். இதில் மெலனி ஜோன்ஸ் யார் தெரியுமா? 1997-ல் சிமார்ட் கட்டுரையில் இருந்த ஆறு பேரில் ஒருவர்!

மூவரும் மூன்று நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டு, காட்டில் நடந்த சோதனைகள் ஒவ்வொன்றையும் திரும்பப் படித்தார்கள்.

முதல் நம்பிக்கை, பூஞ்சை வலை எல்லாக் காடுகளிலும் பரவியிருக்கிறது என்பது. உண்மையில் மரபணு வைத்து வரைபடம் போடப்பட்டது மிகச் சில காடுகளில், ஓரிரு மர இனங்களில் மட்டும்தான். உலகத்துக் காடுகள் எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்த முடியாது.

இரண்டாவது, வலை வழியாகச் சத்து போய் அதனால் கன்றுகள் செழிக்கின்றன என்பது. சில சோதனைகளில் கன்று செழித்தது, சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை, சிலவற்றில் நலிந்தது. அதோடு, போன கார்பன் பூஞ்சை இழை வழியாகத்தான் போனது, மண் நீர் வழியாகப் போகவில்லை என்று காட்டில் உறுதியாகப் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். சீடார் உறிஞ்சிய அந்தச் 'சிறிதளவு' ஞாபகம் இருக்கிறதா? அதே சந்தேகம்தான்.

மூன்றாவது, தாய் மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு கூடுதலாக ஊட்டுகிறது, ஆபத்தை எச்சரிக்கிறது என்பது. முதிர்ந்த மரங்களை வைத்துக் காட்டில் இதை நிரூபித்த, சக விஞ்ஞானிகள் சரிபார்த்து வெளியான ஓர் ஆய்வும் இல்லை என்றார்கள்.

இதைவிட உறைக்கும் செய்தி ஒன்றும் சொன்னார்கள். ஆதாரம் இல்லாத இந்தக் கூற்றுகளைப் பரப்பியதில் விஞ்ஞானிகளுக்கும் பங்கு உண்டு. பழைய ஆய்வுகளை மேற்கோள் காட்டும் கட்டுரைகளில், மூல ஆய்வு சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது 25 ஆண்டுகளில் இரட்டிப்பாகியிருந்தது. அந்தப் பட்டியலில் தங்கள் பெயரும் இருப்பதை அந்த மூவர் மறைக்கவில்லை. ஃபார்வர்டு செய்வது நம் பெரியம்மா மட்டும் இல்லை!

சிமார்ட் பின்வாங்கவில்லை. தன் ஆய்வுகள் சரியானவை, காட்டைத் துண்டு துண்டாக இல்லாமல் முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலை. விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் மிஞ்சுவது என்ன?

'எல்லாம் கட்டுக்கதை' என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் அதே தவறுதான்.

வேருக்கும் பூஞ்சைக்கும் உள்ள கூட்டுறவு உறுதியான உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கார்பன் ஒரு கன்றிலிருந்து இன்னொரு கன்றுக்கு மண்ணுக்கடியில் போகிறது என்பதும் அளந்து பார்த்த உண்மை. எந்த வழியாக எவ்வளவு போகிறது, அதனால் வாங்கும் மரத்துக்கு உண்மையில் பயன் உண்டா என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டை ஏன் முக்கியம்? இதில் நிஜமான காடுகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது, எங்கே மருந்து அடிப்பது என்ற முடிவுகள் இதில் தொங்குகின்றன. 'பிர்ச் வெறும் திருடன்' என்ற அரைகுறைக் கணக்கை நம்பி ஒருகாலத்தில் காடு காடாக மருந்து அடித்தார்கள். நாளை 'தாய் மரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' என்ற இன்னோர் அரைகுறைக் கணக்கை நம்பித் திட்டம் போட்டால், அதற்கும் காடுதான் விலை கொடுக்கும். பூஞ்சை வலை பற்றிய அறிவு, வன நிர்வாக முடிவுகளுக்கு அடிப்படையாகும் அளவுக்கு இன்னும் முதிரவில்லை என்று அந்த மூன்று விஞ்ஞானிகள் எழுதியதன் பொருள் இதுதான்.

பெரிய பழைய மரங்களைக் காப்பாற்றப் பூஞ்சைக் கதை ஒன்றுதான் காரணம் என்றும் இல்லை. விதை தருவது, நிழல் தருவது, பறவைக்கும் விலங்குக்கும் வீடாவது, மண்ணைப் பிடித்துவைப்பது, கார்பனைச் சேமிப்பது என்று சந்தேகமே இல்லாத காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. சிமார்ட் 2015-ல் தொடங்கிய நீண்டகாலத் திட்டத்திலும் இந்தக் கேள்விகள் இருக்கின்றன. மரத்தை முழுவதும் வெட்டிய இடம், சிலவற்றை மட்டும் விட்ட இடம், பாதிக்கு மேல் விட்டுவைத்த இடம், வெட்டவே வெட்டாத இடம் என்று பல காடுகளில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கவனித்தீர்களா? 'வெட்டவே வெட்டாத இடம்' என்பதும் ஒரு சாட்சிதான்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

'ஃபாரஸ்ட்ரி படிக்கிறேன்' என்று பிள்ளை சொன்னால், 'ரேஞ்சர் வேலைக்கா?' என்று கேட்கும் பெற்றோர்தான் நம்மில் அதிகம். அதுவும் நல்ல வேலைதான். ஆனால், காட்டில் பதில் தெரியாத கேள்விகள் ஏராளம். மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, பட்டப்படிப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை. டேராடூனில் 1906-ல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நம் முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டுத் துண்டு ஒன்றில், ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகக் குழுவினர் தொடர்ந்து அளந்துவருகிறார்கள். எது பிழைத்தது, எதை யானை முறித்தது, எது தீயில் போனது என்று மரத்துக்கு மரம் கணக்கு. ஒருவர் தொடங்கியதை அடுத்த தலைமுறை மாணவர் தொடரும் வேலை இது.

இந்தப் படிப்பு சொல்லிக்கொடுக்கும் பெரிய பாடம் மரங்களின் லத்தீன் பெயர் இல்லை. மனதுக்குப் பிடித்த பதில் கிடைத்தவுடன் நிறுத்திவிடாமல், 'வேறு காரணமாக இருக்குமோ?' என்று கேட்கும் பழக்கம்தான். சிமார்ட் சீடாரை நட்டதும் அந்தப் பழக்கத்தால்தான். தன் பெயர் இருந்த கட்டுரை உலகப்புகழ் பெற்ற பிறகும், 25 ஆண்டுகள் கழித்து மெலனி ஜோன்ஸ் அதைத் திரும்பப் படித்துக் கேள்வி கேட்டதும் அதே பழக்கத்தால்தான். சிமார்டின் கேள்வி பிர்ச்சைப் பற்றி யோசிக்க வைத்தது. ஜோன்ஸின் கேள்வி, நாம் யோசித்ததைச் சரிபார்க்க வைத்தது. காட்டுக்கு இரண்டு பேருமே வேண்டும்.

அடுத்த முறை பெரியம்மாவிடமிருந்து அந்த ஃபார்வர்டு வந்தால், சண்டை போட வேண்டாம். மரத்தின் மேல் அவர் வைத்திருக்கும் பிரியம் நல்லதுதானே! 'பெரியம்மா, அந்தக் காட்டில் மூன்றாவதாக ஒரு கன்று நட்டாங்களே, அதைப் பற்றி இதில் ஒண்ணுமே இல்லையே?' என்று மட்டும் கேளுங்கள். 'அது என்னப்பா?' என்று அவர் கேட்பார். அங்கிருந்து நீங்கள் கதையைத் தொடங்கலாம்.